தக்கவைத்துக்கொள்ள வேண்டிய ஆள்

மருமகள் வியாபாரப் புத்தகங்கள் படிக்கத் தொடங்கியதில் தப்பே இல்லை. படித்ததைச் சூட்டோடு சூடாகச் செய்து பார்க்கக் கிளம்பினாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

அது ஒரு பல் லேப். பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். இங்கே பல்லுக்கு மேல் மாட்டுகிற கேப்பும், பல் செட்டும் செய்து திருப்பி அனுப்புவார்கள். ஒரு மாடி முழுக்க வரிசையாக மேசைகள். முதல் மேசையில் மாவுக்காரர், டாக்டர் அனுப்பிய அளவில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுப்பார். அடுத்ததில் ஒரு பெண் அந்த அச்சின் மேல் மெழுகில் பல்லைச் செதுக்குவாள். அதற்கடுத்து ஓவியர். ஓவியர் என்றதும் சுவரில் படம் வரைகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுகிறவர். நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தவரின் வாய்க்குச் செய்தால், புதுப் பல்லும் கூடவே நாற்பது வருஷம் புகைத்தது போலிருக்கும். அவருக்குப் பின்னால் பாலிஷ் அக்கா. கடைசி மேசையில், ஜன்னலை ஒட்டி, சின்னவர்.

சின்னவர் லேப்பைத் தொடங்கிய பெரியவரின் ஒரே மகன். நம்முடைய மருமகளின் கணவர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர் என்று ஊரே சொல்லும். ஆனால் அவருடைய வேலை என்னவோ கடி பார்ப்பதுதான். வாயைப் போலத் திறந்து மூடும் ஒரு சின்னக் கருவியில் அச்சை மாட்டி, நடுவே வண்ணத்தாள் வைத்து, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே இடிக்கின்றன என்று பார்ப்பார். இடிக்கிற இடத்தை ஒரு மயிரிழை தேய்ப்பார். மறுபடி மூடிப் பார்ப்பார். அவர் கை படாமல் ஒரு பல்கூட அந்த லேப்பை விட்டுப் போனதில்லை. அது யாருக்கும் ஒரு பெரிய விஷயமாகப் பட்டதும் இல்லை. மூச்சு விடுவதை யாராவது பாராட்டுவார்களா?

பெரியவருக்குக் கால் தளர்ந்து வீட்டோடு இருக்க வேண்டி வந்தபோது, சாவியை மகனிடம் கொடுக்கவில்லை. "அவனுக்கு வாயே கிடையாது. நாலு பேரை வச்சு வேலை வாங்க வாய் வேணும்" என்று சொல்லி மருமகளிடம் நீட்டினார். மகனை எதிரில் வைத்துக்கொண்டேதான் சொன்னார். சின்னவர் சிரித்தார். மருமகள் அதுவரை ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் இருந்தவள், பேச்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பல்லைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் காலையில் தேய்க்க வேண்டும் என்பதுதான்.

அவள் பொறுப்பேற்ற கொஞ்ச காலத்திலேயே தெருமுனையில் புதிதாக ஒரு பெரிய லேப் முளைத்தது. கண்ணாடிக் கதவு, புத்தம்புது மெஷின்கள், வாசலில் ஆட்கள் தேவை என்று போர்டு. அதைப் பார்த்த அன்று ராத்திரி அவள் தூங்காமல் கணக்குப் போட்டாள். மெஷின் யாரும் வாங்கலாம். அதன் முன்னால் உட்கார ஆள் வேண்டுமே, அதற்கு அவர்கள் எங்கே போவார்கள்? நேரே இங்கேதான் வருவார்கள். இருப்பதே நாலைந்து கை. அதில் நல்ல கை ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனால் டாக்டர்களும் பின்னாலேயே போய்விடுவார்கள், அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். பெரியவர் வேறு வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்: நடத்த முடியவில்லை என்றால் விற்றுவிடுவோம், கௌரவமாவது மிஞ்சும்.

அந்தப் பயத்தில்தான் புத்தகங்களை வாங்கினாள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பழைய புத்தகம் விற்கிறவன், அட்டையில் கோட்டுப் போட்ட ஆள் கைகட்டி நிற்கிற புத்தகமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தான். பஸ்ஸில் படித்தாள், அடுப்படியில் படித்தாள், கணவருக்குத் தட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து படித்தாள். நல்ல விஷயங்கள்தான், சும்மா சொல்லக்கூடாது. ஆள் எடுப்பதைவிட எடுத்த ஆளை வைத்துக்கொள்வது பெரிது. யார் போனால் நீ தவித்துப்போவாயோ அவரை முதலில் கண்டுபிடி. போன பிறகு ஏன் போனாய் என்று கேட்பதில் பயனில்லை. இருக்கும்போதே, என்ன செய்தால் இருப்பாய் என்று கேள். வாரம் ஒரு முறை ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு அரை மணி நேரம் பேசு. நீ பேசாதே, அவர்களைப் பேசவிடு.

தவித்துப்போகிற ஆள் யார் என்று யோசிக்க அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஓவியர். வேறு யார்?

திங்கட்கிழமை காலை, மாடியின் மூலையில் இருந்த கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தாள். பெரியவரின் அறை அது. மேசையைத் துடைத்து, இரண்டு கப் தேநீர் வரவழைத்து வைத்துவிட்டு, கதவைத் திறந்து முகமெல்லாம் சிரிப்பாக ஓவியரைக் கூப்பிட்டாள்.

"கொஞ்சம் உள்ளே வர்றீங்களா? தனியா பேசணும்."

லேப்பில் இருந்த அத்தனை சத்தமும் நின்றது. பாலிஷ் அக்கா மெஷினையே அணைத்துவிட்டாள். ஓவியர் எழுந்தார், முகத்தில் ஈயாடவில்லை. வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். தேநீரைத் தொடவில்லை. மருமகள் புத்தகத்தில் சொன்னபடி ஆரம்பித்தாள். வேலை எப்படிப் போகிறது, மனசுக்குத் திருப்தியாக இருக்கிறதா, இங்கே என்ன மாறினால் நன்றாக இருக்கும்? எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

"நல்லா இருக்கும்மா."

கேட்டதெல்லாம் கிணற்றில் போட்ட கல். அரை மணி நேரம் என்று புத்தகம் சொன்னதால் அரை மணி நேரமும் அவரை விடவில்லை அந்த மகராசி. வெளியே வந்த ஓவியர் தன் மேசைக்குப் போய், பிரஷ்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, துணியில் சுருட்டி, பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை வரவில்லை. கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. மருமகளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தூக்கிவிட்டார்கள், தெருமுனைக்காரர்கள் தூக்கியேவிட்டார்கள் என்று லேப்பில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். அவள் பக்கத்தில் வந்தாலே ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சின்னவரிடம் புலம்பினாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தவர் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தார். சோப்பு நுரை சுவரெல்லாம் தெறித்தது.

"எதுக்குங்க சிரிக்கிறீங்க? எனக்கு இங்க உயிர் போகுது."

"அந்த ரூமுக்குள்ள கூப்பிட்டியே! அப்பா யாரையாவது அந்த ரூமுக்குக் கூப்பிட்டாருன்னா வேலை போச்சுன்னு அர்த்தம். திட்டுறதா இருந்தா மேசைக்கே வந்து திட்டுவாரு. பாராட்டுறது... அது கிடையாது. உள்ளே கூப்பிட்டு, டீ கொடுத்து, கணக்கு முடிச்சு அனுப்புவாரு. நீ டீ வேற வச்சிருக்க."

மருமகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். புத்தகம் எழுதின கோட்டுக்காரனுக்கு இது எப்படித் தெரியும், பாவம்.

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ என்ன செய்யப் போறேன்னு எனக்கு எங்க தெரியும்? நேத்து காலைல நானே பயந்துட்டேன், நீ அவரை எதுக்கு வேலையை விட்டு அனுப்புறேன்னு." ஒரு தட்டைக் கழுவி வைத்துவிட்டுச் சொன்னார்: "அவரைக் கூப்பிடாதே. நீ போ. அவர் மேசைக்குப் பக்கத்துல ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காரு. கை வேலை செய்யும்போதுதான் அவருக்கு வாய் திறக்கும். முகத்தைப் பார்த்துப் பேசினா ஒண்ணும் வராது."

அப்படியே செய்தாள். ஓவியரின் வீட்டுக்குப் போனது சின்னவர்தான். என்ன சொல்லி அழைத்து வந்தாரோ, புதன்கிழமை ஓவியர் பிரஷ்களோடு வந்து சேர்ந்தார். மருமகள் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டு பல்லுக்கு நிறம் ஏற்றி முடிக்கிற வரைக்கும் பேச்சில்லை. மூன்றாவது பல்லில் அவராகவே ஆரம்பித்தார். மகள் படிப்பு, முட்டி வலி, இப்போது வருகிற பீங்கான் பொடி முன்புபோல் இல்லை என்பது. கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டாள்.

"நீங்க இங்கேயே இருக்கணும்னா நான் என்ன செய்யணும்?"

ஓவியர் பல்லிலிருந்து பிரஷை எடுக்காமலே சொன்னார். "வெளிச்சம்மா. ட்யூப் லைட்ல எல்லாப் பல்லும் ஒரே நிறமாத் தெரியுது. பெரியவர்கிட்ட கேட்க பயம். ஜன்னல் வெளிச்சம் கிடைச்சா போதும்."

இவ்வளவுதானா என்று அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்று மதியமே மேசைகளை மாற்றினாள். ஜன்னல் ஓரம் ஓவியருக்கு. அங்கே இருந்த சின்னவரை, மாவு மூட்டைகள் அடுக்கியிருக்கும் அறையின் வாசலுக்கு, பாலிஷ் மெஷினின் முதுகுப்பக்கம் தள்ளினாள். அவரிடம் கேட்டாளா? கேட்கவில்லை. "உங்க மேசையை அங்க போடுறேங்க, ஓவியருக்கு வெளிச்சம் வேணுமாம்" என்று போகிற போக்கில் சொன்னாள். "சரி" என்றார். அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை? மறுநாள் அவர் வீட்டிலிருந்து ஒரு மேசை விளக்கை எடுத்து வந்து வைத்துக்கொண்டார்.

பாலிஷ் அக்கா மட்டும் வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. "தம்பி இப்பல்லாம் தாளை விளக்குக்குக் கீழே நாலு தடவை திருப்பிப் பார்க்குது. கண்ணைக் கசக்கிட்டே இருக்கு" என்றாள். மருமகள் அப்போது மெழுகு செதுக்குகிற பெண்ணோடு அரை மணி நேரம் பேசுவதற்காக ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். "பார்க்கலாம்க்கா" என்றாள்.

அதற்குப் பிறகு ஓஹோவென்று போனது. ஒவ்வொரு மேசையாக உட்கார்ந்தாள். மெழுகுக்காரப் பெண் பஸ்ஸுக்காக அரை மணி முன்னதாகக் கிளம்ப வேண்டும் என்றாள்; சரி. மாவுக்காரர் தும்முவதாகச் சொன்னார். புது முகமூடிகள் வந்தன. பாலிஷ் அக்காவின் நாற்காலிக்குச் சாய்மானம் வந்தது. வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவரிடம் வாய் ஓயாமல் சொல்வாள். ஓவியர் இன்று சிரித்தார், ஓவியர் இன்று தானாகவே ஒரு யோசனை சொன்னார், மேசைக்குப் போய் உட்காரும் யோசனை எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பார்த்தீர்களா. அந்த யோசனை யாருடையது என்பது அதற்குள் அவளுக்கு மறந்துபோயிருந்தது. சின்னவர் "ம்" கொட்டுவார். சில நாள் ஏதோ சொல்ல வந்தவர்போல வாயெடுப்பார். அவள் அதற்குள் அடுத்த மேசையின் கதைக்குப் போயிருப்பாள்.

வரிசையில் மற்ற மேசைகளெல்லாம் முடிந்தன. கடைசி மேசைக்கு அவள் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. காலையில் ஒன்றாக எழுந்து, ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே வீட்டுக்குத் திரும்பிப் போகிற மனிதரிடம் தனியாகப் பேச என்ன இருக்கிறது? அவர் எங்கே போய்விடப் போகிறார்?

ஒரு வெள்ளிக்கிழமை டாக்டரம்மாவின் போன் வந்தது. லேப்புக்கு வருகிற வேலையில் பாதி அவருடையது. அவர் போன் என்றால் மருமகள் எழுந்து நின்றுதான் பேசுவாள்.

"ஏம்மா, உங்க ஆள் தெருமுனை லேப்புக்குப் போறாராமே? அவங்க ஏஜெண்டு இன்னிக்கு வந்து பெருமையா சொல்லிட்டுப் போறான்."

மருமகளுக்குச் சிரிப்புதான் வந்தது. "யாரோ கதை கட்டுறாங்க டாக்டர். ஓவியர் எங்கேயும் போகல. நான் அவர்கிட்ட வாராவாரம் பேசிட்டுத்தானே இருக்கேன்."

"ஓவியரா? நிறம் எல்லாரும்தான் தர்றாங்க. நான் உங்ககிட்ட அனுப்புறதே வேற காரணத்துக்கு. உங்க கேப் வந்தா எடுத்தேன், வச்சேன், ஒட்டினேன், அவ்வளவுதான். மத்த லேப்புல வர்றதை நோயாளியோட வாயிலேயே வச்சு அரை மணி நேரம் தேய்ச்சுத் தொலைக்கணும். அந்தக் கடி பார்க்கிறவரைத்தான் சொல்றேன். அவர் அங்க போனா நானும் அங்கதான் அனுப்புவேன், தப்பா நினைக்காதே." டாக்டரம்மா கொஞ்சம் நிறுத்தினார். "அவர் பேர்கூட எனக்குத் தெரியாது. நீயும் சொன்னதில்லை."

போனை வைத்துவிட்டு மருமகள் நின்ற இடத்திலேயே நின்றாள். மாவு மூட்டைகளுக்குப் பக்கத்தில், விளக்கு வெளிச்சத்தில் குனிந்து, சின்னவர் ஒரு வண்ணத்தாளைத் திருப்பிக்கொண்டிருந்தார். கழுத்தை ஒடித்துக்கொண்டல்லவா உட்கார்ந்திருக்கிறார் என்று அப்போதுதான் பார்த்தாள். அத்தனை நாளும் அந்த வழியாகத்தான் நூறு தடவை நடந்திருக்கிறாள். கண் எங்கே போயிருந்ததோ.

அவரை மாடிப்படிக்கு அழைத்துக்கொண்டு போனாள். கண்ணாடி அறைக்கு அழைக்காமல் இருக்கிற அளவுக்கு இப்போது அவளுக்கு விவரம் வந்திருந்தது.

"போறீங்களாமே?"

அவர் மறுக்கவில்லை. "அடுத்த மாசத்துலேர்ந்து. உன்கிட்ட சொல்லணும்னு நாலஞ்சு தடவை ஆரம்பிச்சேன். நீ ஓவியரைப் பத்திப் பேசிட்டிருந்த."

"நம்ம லேப்புங்க. உங்க அப்பா ஆரம்பிச்சது. நீங்களே போனா நான் என்ன செய்வேன்?" கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும்தான். "அங்க அப்படி என்ன அதிகமாக் கொடுத்துடப் போறாங்க?"

"அதிகம்லாம் இல்ல. இங்க எடுக்கிற சம்பளமேதான்." சின்னவர் படியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே பேசினார். முகத்தைப் பார்க்காமல் பேசினால் இவருக்கும் வாய் திறக்கும் போலிருக்கிறது. "அங்க சும்மா மெஷின் பார்க்கத்தான் போனேன். உட்கார வச்சாங்க. நீங்க என்ன செய்றீங்க, எப்படிச் செய்றீங்க, அது உங்களுக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டாங்க. நான் ஒரு மணி நேரம் பேசினேன், தெரியுமா? எனக்கே ஆச்சரியம். எனக்கு அவ்வளவு பேச்சு வரும்னு யாரு கண்டா? வெளியே வரும்போது, சின்ன வயசுலேர்ந்து இதுக்குத்தான் காத்துட்டிருந்தோமோன்னு தோணுச்சு."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே. மேசை வேணும்னு, ஜன்னல் வேணும்னு. அவங்கள்லாம் கேட்டாங்களே."

"அவங்ககிட்ட நீ போய்க் கேட்டே. அதனால சொன்னாங்க. என் மேசைக்கும் நீ ஸ்டூலோட வருவேன்னு நானும் பார்த்துட்டே இருந்தேன். மாவுக்காரர் முடிஞ்சுது, அக்கா முடிஞ்சுது, சரி அடுத்தது நம்ம முறைதான்னு..." அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "என்ன சொல்லணும்னுகூட யோசிச்சு வச்சிருந்தேன்."

மருமகளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இந்த மனிதரோடு படுத்து எழுந்து, இவர் கழுவிய தட்டில் சாப்பிட்டு, இவர் சொன்ன யோசனையை இவரிடமே தன்னுடையதாகச் சொல்லிக்காட்டி, ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லையே. வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. எல்லோரிடமும் கேட்டுக் கேட்டு நாக்கில் பழகிப்போயிருந்த கேள்வி, வேறு வார்த்தை கிடைக்காமல் அதுவேதான் வாயில் வந்தது.

"நீங்க இங்கேயே இருக்கணும்னா நான் என்ன செய்யணும்?"

சின்னவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் ஒரு துளிகூட இல்லை. இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"போன மாசம் நீ கேட்டிருந்தா, ஒண்ணும் செய்ய வேண்டாம், நான் எங்க போகப் போறேன்னு சொல்லியிருப்பேன்."

"இப்போ?"

"இப்போ அவங்ககிட்ட வர்றேன்னு சொல்லிட்டேன்" என்றார் சின்னவர். டாக்டரம்மாவின் வேலை ஒன்று பாதியில் நிற்பதாகச் சொல்லிவிட்டு, படியேறி உள்ளே போனார்.